பவித்ராவின் கையில் ரோஜாவின் காப்பு

என் பிள்ளைகளை முதன்முறையாகப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "இது ஒண்ணா, ரெண்டா?" என்றுதான். கேட்கிறவர் வயதில் மூத்தவராக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்வேன். என் வயதுக்காரராக இருந்தால், "ஒங்க கண்ணுல எதும் கோளாறா?" என்று கேட்டுவிடுவேன். ரெண்டு. இடது பக்கம் நிற்பவள் ரோஜா, வலது பக்கம் நிற்பவள் பவித்ரா. பதிமூன்று வயது. காதுக்கு மேலே இருவர் தலையும் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறது. மற்றபடி கை, கால், வயிறு, வாய் எல்லாம் அவரவருடையது. இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒத்த மாதிரிப் பெயர் வைக்கச் சொல்லி ஊரே யோசனை சொன்னது. ஒட்டினது போதும், பெயராவது தனித்தனியாக இருக்கட்டும் என்று நான்தான் பிடிவாதமாக இப்படி வைத்தேன்.

என் பெயர் அன்னக்கொடி. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறேன். பச்சைக்காய் தனி, வெளுத்த காய் தனி, வெடித்த காய் தனி என்று நாள் முழுக்கப் பிரித்துப் போடுகிற வேலை. வீட்டுக்காரர் காமராஜுக்கு ஜீப் ஓட்டுகிற வேலை. தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் பெண்களைக் காலையில் மலைக்கு ஏற்றிப் போய், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். குரங்கணி ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் எங்கள் தெரு.

பிள்ளைகளின் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் மதுரையில் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். ரெண்டு மூளைக்கும் நடுவில் பாலம் மாதிரி ஒன்று இருக்கிறது என்றார். ஒருத்தி கண்டது, தொட்டது, ருசித்தது அந்தப் பாலத்தின் வழியாக அடுத்தவளுக்கும் போய்ச் சேரும். பாலத்தை வெட்டிப் பிரிப்பது ரெண்டு உயிருக்கும் ஆபத்து என்றார். பிறகு பவித்ராவின் நாக்கில் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் விட்டார். ரோஜா சப்புக்கொட்டினாள். அங்கே நின்றவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. பயத்தில் வந்த அழுகை என்று நினைத்து நர்ஸ் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அது பெருமையில் வந்த அழுகை. உலகத்தில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு பிள்ளை வாய்க்கும்? எனக்கு ரெண்டு வாய்த்திருக்கிறது.

ஒருத்தி புளியங்காயைக் கடித்தால் ரெண்டு பேரும் கண்ணைச் சுருக்குவார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி கரும்பலகையைப் பார்ப்பாள், ஒருத்தி நோட்டைப் பார்ப்பாள், எழுத்து மட்டும் ரெண்டு நோட்டிலும் ஓடிக்கொண்டிருக்கும். பரீட்சைக்கு ஆளுக்கொரு கேள்வித்தாளை மாற்றிக் கொடுத்துவிட்டு வாத்தியார் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். மனதில் நினைப்பதும் பாலத்தைத் தாண்டுமா என்று கேட்டால் ரெண்டும் சிரிக்குமே தவிர, பதில் வராது.

ஆனால் ஒன்று. வந்து சேருவது ஒரே ருசிதான். பிடிப்பதும் பிடிக்காததும் அவரவர் சொந்தம். பவித்ராவுக்குக் கறி என்றால் உயிர். கோழிக் குழம்பு கொதிக்கிற வாசம் வந்தால் போதும், அடுப்படிக்கு ரோஜாவையும் இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். ரோஜாவுக்குத் தட்டப்பயறுக் குழம்பும் சோறும் இருந்தால் தேவலோகம். ஒருத்தி கோபக்காரி, ஒருத்தி அழுத்தக்காரி. கோபம் யாரிடமிருந்து வந்தது என்று என் வீட்டுக்காரர் அடிக்கடி ஜாடை பேசுவார்.

ஆடி மாதம் எங்கள் தெருக் காளியம்மன் கோவிலில் முளைப்பாரி எடுப்பது வழக்கம். வேண்டிக்கொண்ட பெண்களுக்குப் பூசாரி கையில் காப்புக் கட்டுவார். மஞ்சள் நூலில் ஒரு மஞ்சள் துண்டு, அதுதான் காப்பு. அன்றைக்கே ஆளுக்கொரு மண் ஓட்டில் வைக்கோலும் எருவும் பரப்பி, தட்டப்பயறு, பாசிப்பயறு, சோளம் எல்லாம் போட்டு, வெளிச்சம் படாத ஒரு வீட்டில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். பயிர் முழ உயரம் வளர்ந்ததும் தலையில் தூக்கி ஊர்வலமாகப் போய் கொட்டக்குடி ஆற்றில் கரைப்பார்கள். அதுவரை காப்புக் கட்டினவள் கறி, மீன் என்று எந்தக் கவுச்சியையும் தொடக் கூடாது. காப்பை ஆற்றங்கரையில்தான் அவிழ்க்கலாம், முன்னால் அவிழ்ப்பது ஆத்தாவுக்கு ஆகாது.

இந்த வருடம் ஆனி கடைசியிலேயே ரோஜா ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, நான் பாரி எடுக்கணும்."

"எடுங்க. ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்லிர்றேன்."

"என்னைய இழுக்காதீங்க" என்று பவித்ரா சீறினாள். "கவுச்சி இல்லாம அத்தன நாளு என்னால ஆகாது. நான் எதும் வேண்டிக்கவும் இல்ல."

"அவ வேணாம்மா. நான் மட்டும்" என்றாள் ரோஜா.

"ஏடி, அவ கறி தின்னா ஒனக்கும் ருசி வருமேடி?"

"வரட்டும். வந்தாலும் இருப்பேன். எனக்காக அவளும் வாயக் கட்டுனா அது எப்படிம்மா என் வெரதமாகும்?"

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்தில் கறி இல்லாதபோது யார் வேண்டுமானாலும் விரதம் இருக்கலாம். வாயிலேயே கறி ருசி வந்து நிற்கும்போது இருப்பேன் என்கிறாளே, இவள் யார் வயிற்றுப் பிள்ளை?

"அப்படி என்னத்துக்கடி ஆச?" என்று கேட்டேன்.

ரோஜா சொன்னாள். "பாரியத் தலையில ஏத்தும்போது பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்கல்ல? எங்கள எல்லாரும் ரோஜாபவித்ரான்னு ஒரே மூச்சுலதான் கூப்பிடுறாங்க. ஒரு தடவ என் பேர மட்டும் கூப்பிட்டுக் கேக்கணும்."

நானும் அவசரத்தில் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

முளைப்பாரி வீட்டுக்குப் பொறுப்பு வீரலட்சுமி மதினி. ஊர்வலத்தன்று பெயர் கூப்பிடுவதும் அவர்தான். கெட்ட மனுஷி இல்லை. ஆனால் நியாயம் பேசுவதில் கெட்டி, அதுதான் தொந்தரவு. விஷயத்தைச் சொன்னதும் மோவாயில் கையை வைத்தார்.

"திங்கிறது அவ, ருசி இவளுக்கும்னா, அப்புறம் வெரதம் என்னத்துக்கு ஆச்சு அன்னக்கொடி?"

"மதினி, போன வருசம் காப்புக் கட்டுன அன்னைக்கி ஒங்க வீட்டுல கருவாடு வறுத்தீக. வாசம் எங்க வீடு வரைக்கும் வந்துச்சு. அதுக்காக இந்தத் தெருவுல எத்தன பேருக்கு வெரதம் கெட்டுச்சு?"

சுற்றி இருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மதினிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "வாயி மட்டும் இல்லேன்னா ஒன்னைய நாயி தூக்கிட்டுப் போயிரும்டி" என்றார். "சரி. தானா வந்த ருசி வேற, தின்ன ருசி வேற. ரோஜாவுக்குக் காப்புக் கட்டட்டும்."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

காப்புக் கட்டுகிற அன்று கோவிலில் நிற்க இடமில்லை. ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கி ஆளைத் தள்ளியது. சூடப் புகையெல்லாம் எங்கள் மூஞ்சிக்கே வந்தது. பிள்ளைகளை முன்னால் விட்டுவிட்டு நான் கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். ரோஜா இடது கையை நீட்டி நின்றாள். தேங்காய்த் தட்டை அவளுக்காகப் பவித்ரா பிடித்திருந்தாள். பூசாரி பொன்னுமணி அண்ணன் எப்போதும் அவசரக்காரர். "கண்ண மூடி ஆத்தாள நெனச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டே வரிசையாகக் கட்டிக்கொண்டு வந்தார். ரெண்டு பேரும் கண்ணை மூடினார்கள். ஒட்டி நிற்கிற ரெண்டு பிள்ளைகள், நாலு கைகள். அண்ணன் கைக்கு முதலில் அகப்பட்டது தட்டைப் பிடித்திருந்த கை. அதில் கட்டி, மூன்று முடிச்சும் போட்டுவிட்டு அடுத்த பெண்ணிடம் போய்விட்டார்.

கண்ணைத் திறந்தால் காப்பு பவித்ராவின் கையில் இருக்கிறது.

"ஏன்டி பேசாம நின்னீங்க?" என்று கத்தினேன்.

"அவளுக்குக் கட்டுறதுதான் எனக்கும் தெரியுதுன்னு நெனச்சேன்" என்றாள் பவித்ரா.

"எனக்கு என் கையில கட்டுற மாதிரியே இருந்துச்சு" என்றாள் ரோஜா. சொல்லிவிட்டுத் தன் வெறுங்கையைத் தடவிப் பார்த்தாள். "எனக்குன்னு கேட்டது இது ஒண்ணுதான். அதுவும் அவ கைக்குப் போயிருச்சேம்மா."

கண்ணைத் திறந்திருந்தால் எது யாருடைய கை என்று அவர்கள் குழம்பவே மாட்டார்கள். கண்ணை மூடியிருந்த நேரம் பார்த்து நூல் பாலத்தைத் தாண்டிவிட்டது. பூசாரியைப் பிடித்துக்கொண்டு வந்து, ரோஜாவுக்கும் ஒன்று கட்டச் சொன்னேன்.

"ஒரு வேண்டுதலுக்கு ஒரு காப்புத்தாம்மா" என்று கையைப் பிசைந்தார். "கட்டியாச்சு, இனி அவுக்க முடியாது. பவித்ரா வேண்டிக்கிட்டதா ஆகிப்போச்சு. பாரி அவ பேருலதான் போகும்."

ஜீப்பை விட்டுவிட்டு வந்திருந்த காமராஜ் சமாதானம் சொல்வதாக நினைத்து வாயைத் திறந்தார். "ரெண்டும் ஒண்ணுதான, யாரு கையில இருந்தா என்ன?"

நான் பார்த்த பார்வையில் ஜீப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் முளைப்பாரி வீட்டில் பயறு போடக் கூடினோம். ஓடுகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ரோஜா நேராக வீரலட்சுமி மதினியிடம் போனாள். அவள் போனால் பவித்ராவும் போகத்தானே வேண்டும், கூடவே போனாள்.

"அத்த, நூலு அவ கையில இருக்கு. ஆனா இறுக்கம் எனக்குத் தெரியுது. கட்டுப்பட்டது நான்தான். பாரி என் பேருல போடுங்க."

மதினி ஒரு துண்டை எடுத்துப் பவித்ராவின் கையை மூடினார். ரோஜாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பவித்ரா தானாகவே கூரையைப் பார்த்துக்கொண்டாள். துண்டுக்குள் கையை விட்டு மதினி நூலை லேசாக இழுத்தார்.

"இப்ப இழுத்தீங்க" என்றாள் ரோஜா. விட்டார். "விட்டுட்டீங்க." காப்பில் இருந்த மஞ்சளைத் திருகினார். "இது உள்பக்கம் உறுத்துது."

பெண்கள் குலவை போடாத குறை. நான் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். பாத்தீங்களாடி என் பிள்ளைய?

மதினி மட்டும் யோசனையாக இருந்தார். "நம்புறேன் ரோஜா" என்றார் மெதுவாக. "அத்த ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. அவ கையில கட்டுனது ஒனக்குத் தெரிஞ்சா ஒனக்குக் கட்டுன மாதிரின்னு சொல்ற. அப்ப அவ தின்னது ஒனக்கு ருசிச்சா, நீ தின்ன மாதிரி இல்லையா? ருசிக்கு ஒரு நியாயம், நூலுக்கு ஒரு நியாயமா?"

கருவாட்டுக் கதை இங்கே செல்லாது. பாலம் வழியாக வருவது கணக்கில் சேரும் என்றால் பவித்ரா தின்னும் முதல் துண்டிலேயே விரதம் போய்விடும். சேராது என்றால் காப்பு ரோஜாவுடையது இல்லை. எப்படிப் பார்த்தாலும் பிள்ளைக்கு வழியில்லை.

ரோஜா தரையைப் பார்த்தபடி நின்றாள். "பவித்ராவும் தின்ன மாட்டா" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். நானே அதைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது.

"நீங்க சொல்றதுதான் அத்த சரி" என்றாள் ரோஜா. குரல் உடைந்திருந்தது, ஆனால் நிமிர்ந்து சொன்னாள். "தானா வந்தது என்னுது இல்ல. அப்ப நூலும் என்னுது இல்ல. எனக்கு இந்த வருசம் பாரி வேணாம்."

ஆசைப்பட்டது கைவிட்டுப் போகும்போதும் நியாயத்தை வளைக்கத் தோன்றாத பிள்ளை. அந்தக் கணத்தில் அவளை நினைத்து எனக்கு வந்த பெருமையை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் பயற்றுக் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பவித்ரா பேசினாள்.

"அத்த, அப்ப நூலு என்னுதுதானே?"

"ஆமா, ஒன்னுதுதான்."

"நான் இன்னும் எதும் வேண்டிக்கலையே. என் வேண்டுதல நான்தான சொல்லணும்?"

"நீதான் சொல்லணும் ஆத்தா."

பவித்ரா காப்புக் கையைத் தூக்கிக் காட்டினாள். "இவ பாரி இவ தலையில போகணும். இவ பேர மட்டும் கூப்பிடணும். இதான் என் வேண்டுதல். இது நடக்குற வரைக்கும் நான் கவுச்சி தொட மாட்டேன்."

வீடு முழுக்க ஒரே சலசலப்பு. ரோஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ எனக்காக இருக்க வேணாம்னு சொன்னேன்ல?"

"ஒனக்காக இருக்கல. எப்படியும் நூலு மாட்டிக்கிச்சு, கறி போச்சு. போறதுதான் போகுது, எனக்குப் பிடிச்ச வேண்டுதலுக்குப் போகட்டும். இதுல ஒனக்கு என்ன சோலி?"

"பிடிச்சதா இதுதான் கெடச்சுச்சா?"

"ஆமாடி. ஒன் பேரத் தனியாக் கூப்பிட்டா என் பேரும் தனியாயிரும்ல? எனக்கும் கேக்கணும்."

வீரலட்சுமி மதினி எழுந்து ஒரு ஓட்டை எடுத்தார். பார்த்துப் பார்த்து, சின்னதாக, தலைக்குப் பாரம் தெரியாததாக எடுத்தார். "காப்புக் கட்டுன பிள்ள வாய்விட்டுச் சொல்லிருச்சு. இதத் தடுத்தா ஆத்தா என்னையத்தான் கேப்பா" என்று சொல்லி அதை ரோஜாவின் கையில் கொடுத்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வெரசா பயறப் போடுங்கடி, பொழுது போகுது" என்று எல்லோரையும் விரட்டினார்.

ரோஜா நூல் இல்லாமலே விரதம் இருந்தாள். பவித்ரா நூலோடு இருந்தாள். இருந்தாள் என்று சொல்வதைவிட, எங்களைப் படாதபாடு படுத்தினாள் என்று சொல்லலாம். காமராஜ் ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் சால்னாவோடு பரோட்டா தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் கால் வைத்ததுமே, "அப்பா, கோழியா ஆடா?" என்று பவித்ரா கேட்டாள். மனுஷர் திருடன் மாதிரி நின்றார். பவித்ராவுக்கு எச்சில் ஊறினால் ரோஜாவுக்கும் ஊறும். தட்டப்பயறே போதும் என்கிற பிள்ளை, "அம்மா, எனக்குச் சுக்கா திங்கணும் போல இருக்கு, இது என் ஆச இல்ல" என்று புலம்பினாள். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. ரெண்டு பேருக்கும் தட்டப்பயறுக் குழம்பை ஊற்றினேன். பவித்ரா அதைத் திட்டிக்கொண்டே தின்றாள். ரோஜா ரசித்துத் தின்றாள். அந்த ரசனையும் பாலத்தைத் தாண்டித் தன் பக்கம் கொஞ்சம் வந்து தொலைக்கிறது என்று பவித்ரா குறைப்பட்டுக்கொண்டாள்.

இருட்டு வீட்டில் பயிர் வெளிர் மஞ்சளாக எழும்பியது. எல்லோருடையதும் ஒரே உயரம்தான் என்று மதினி சொன்னார். எனக்கு ரோஜாவுடையது ஒரு விரல்கடை கூடுதலாகத் தெரிந்தது. தெரியாவிட்டால் நான் என்ன தாய்?

ஊர்வலத்தன்று காற்று ஓயவே இல்லை. பழைய சேலையைக் கிழித்து நானே சும்மாடு சுற்றி ரோஜாவின் தலையில், ஒட்டின இடத்துக்குத் தள்ளி இடப்பக்கமாக வைத்தேன். மதினி ஒவ்வொரு பெண்ணாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாரியை ஏற்றிவிட்டார். "முத்துப்பிரியா!" என்றார். ஒரு பிள்ளை போனது. இன்னும் ரெண்டு பேர் போனார்கள். பழக்கதோஷத்தில் மதினி ரெண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டால்?

"ரோஜா!"

அந்தப் பெயர் மட்டும். மேளச் சத்தத்துக்கு மேலே, தெருக்கோடி வரை கேட்கும்படி மதினி கூப்பிட்டார். ரோஜாவின் முகத்தில் வந்த சிரிப்பை நான் பெற்ற நாளிலிருந்து பார்த்ததில்லை. பவித்ராவும் சிரித்தாள், ஆனால் அது வேறு சிரிப்பு, கடைக்காரனிடம் பேரம் பேசி ஜெயித்தவள் சிரிப்பு.

தெருவில் இறங்கியதும் காற்று பயிரைப் பிடித்து ரோஜாவின் கண்ணில் அடித்தது. ரெண்டு கையாலும் ஓட்டைப் பிடித்திருந்தாள், விலக்க முடியாது. பவித்ரா தன் கண்ணால் பாதையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ரோஜாவின் கால் பள்ளம் மேடு பார்த்துத் தப்பாமல் நடந்தது. பாரம் பவித்ராவின் கழுத்திலும் தெரிந்திருக்கும். நரம்பு புடைத்தது. "நான் ஒரு கை பிடிக்கவா?" என்று குறுக்கே வந்த ஒருத்தியை, "அது அவ பாரி, தள்ளுங்க" என்று பவித்ராவே விரட்டினாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் செல்போனைத் தூக்கினார்கள். வழக்கமாக அதற்கு நான் சண்டைக்குப் போவேன். அன்றைக்கு, நல்லா எடுங்க, எல்லாருக்கும் காட்டுங்க என்று இருந்தது.

குரங்கணிப் பக்கம் மழை பெய்திருந்ததால் ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். நான் கரையில் நின்றேன். ரோஜா குனிந்தாள், கூடவே பவித்ராவும் குனிந்தாள். ரோஜா ஓட்டைத் தண்ணீரில் வைத்து, பயிரை வேரோடு மெல்லப் பிரித்துவிட்டாள். மஞ்சள் பயிர் கற்றை கற்றையாக மிதந்து சுழன்று போனது. குலவைச் சத்தம் எழும்பியது. ரோஜா இமை கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பவித்ரா கண்ணை இறுக மூடியிருந்தாள்.

வயிற்றில் சரியாக ஒன்றும் இல்லாமல் வெயிலில் நடந்து வந்த பிள்ளை. மயக்கமா? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நின்றவர்களைத் தள்ளிவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன். தோளைப் பிடித்தேன்.

"ஏடி, என்ன செய்யுது? கண்ணத் தொற."

"இரும்மா" என்றாள். கண்ணைத் திறக்கவில்லை. முகத்தில் மயக்கமும் இல்லை, வலியும் இல்லை. "பாத்துக்கிட்டு இருக்கேன்."

"கண்ண மூடிக்கிட்டு என்னத்தடி பாக்குற?"

"நான் தொறந்தா என் கண்ணுல படுறதும் அவளுக்குப் போகும்மா, ரெண்டும் கலந்துரும். அவ பாரிய அவ கண்ணு மட்டும் பாக்கட்டும். அவ பாக்குறது எனக்குப் போதும்."

ரோஜா திரும்பவில்லை. பயிரை விட்டுக் கண்ணை எடுக்காமல், தண்ணீருக்குள் கையை நீட்டிக் காப்புக் கட்டின அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசிக் கற்றை வளைவு தாண்டிப் போகும் வரை என் ஒரு மகள் பார்த்தாள், இன்னொரு மகள் அவள் கண்ணால் பார்த்தாள். நான் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, கரையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "எம் பிள்ளைங்க!" என்று சொன்னேன்.